குவாரிக் குழித் தண்ணீர் ஏரிக்கு வந்தால் என்ன செய்வது?

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஏரிக்கு மேலே கிரானைட் குவாரி இருக்கிறது. மழை விட்ட மறுநாள் ராத்திரியில் குழித் தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் இறக்குகிறார்கள். பால் மாதிரி வெள்ளையாக ஏரிக்கு வருகிறது. கேட்டால் வெறும் மழைத் தண்ணீர்தானே என்கிறார்கள். என் கிணறும் கலங்குகிறது. யாரிடம் போவது, எப்படி நிரூபிப்பது?"

முதலில் அந்த 'மழைத் தண்ணீர்' பதிலை எடுத்துக்கொள்வோம். வானத்திலிருந்து விழுந்தபோது அது மழைத் தண்ணீர்தான். குழியில் தேங்கி, கல் மாவும் மெஷின் ஆயிலும் வெடிமருந்து மிச்சமும் கலந்து, மோட்டார் வழியாக வெளியே வரும்போது சட்டம் அதை அப்படிப் பார்ப்பதில்லை. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, தொழில் நடக்கும் இடத்திலிருந்து வெளியேறும், வீட்டுச் சாக்கடை அல்லாத எந்தத் தண்ணீரும் தொழிற்கழிவு நீர். அதை ஓடையில் விட மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது எழுத்து மூலமான அனுமதி, வேண்டும்.

அடுத்தது அந்த வெள்ளை நிறம். ஓடைத் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துத் திண்ணையில் வையுங்கள். மணல் நீங்கள் திரும்புவதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும். கல் மாவு அப்படி இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்கு பருமனுள்ள துகள் 10 சென்டிமீட்டர் இறங்கவே ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதுவும் தண்ணீர் ஆடாமல் நின்றால்தான். குவாரிக்காரர்கள் படிவுத் தொட்டி என்று பேருக்கு ஒரு பள்ளம் வெட்டி, ஒரு பக்கம் தண்ணீர் விழுந்து மறுபக்கம் உடனே வழிய விட்டால் மணல் மட்டும்தான் அங்கே நிற்கும், மாவெல்லாம் உங்கள் ஏரிக்குத்தான். தொட்டி இரண்டு மூன்று அறைகளாக, ஒரு நாளாவது தண்ணீரை நிறுத்திவைக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். படிகாரம் போட்டால் இன்னும் சீக்கிரம் படியும். அடியில் சேரும் சேற்றை அவ்வப்போது அள்ள வேண்டும். இதில் பெரிய தொழில்நுட்பமே இல்லை. அதனால்தான் செய்யாமல் விடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஏரி வண்டலை நாம் கொல்லைக்கு அடிக்கிறோம். இந்த மாவு வண்டல் அல்ல, காய்ந்தால் மண்மேல் ஓடு மாதிரி இறுகிவிடும்.

ஓடை, ஏரி போன்ற நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. எண்ணெய்ப் பசை 10 மில்லிகிராம், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 9 வரை. இந்த எண்களோடு அளவையும் சேர்த்துப் பாருங்கள். குவாரி எல்லைக்கு வெளியே குழாய் விழும் இடத்தில் 15 லிட்டர் குடம் 5 நொடியில் நிறைகிறது என்று வையுங்கள். மணிக்கு 10,800 லிட்டர், எட்டு மணி நேரத்தில் 86,400 லிட்டர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் துகள் இருந்தால் ஒரே ராத்திரியில் 43 கிலோ மாவு. கிட்டத்தட்ட ஒரு சிமென்ட் மூட்டையை ஏரியில் கொட்டிய மாதிரி. எல்லைக்குள் மட்டும் போகாதீர்கள். அத்துமீறல் என்று உங்கள்மேலேயே புகார் திரும்பும்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் பிடித்துவைக்கும் பாட்டில் அந்தச் சட்டப்படியான வழக்கில் சாட்சியாக நிற்காது. வாரிய அதிகாரி வந்து, குவாரிக்காரருக்கு அறிவிப்பு கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்துக் கையெழுத்து வாங்கி எடுத்தால்தான் அது செல்லும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே அந்த அதிகாரியைத் தண்ணீர் ஓடும் நேரத்தில் அங்கே வரவைப்பதற்குத்தான் உங்கள் பாட்டில். ஒரு நோட்டில் தேதி, மோட்டார் ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், அன்று மழை பெய்ததா என்று எழுதிவாருங்கள். தேதியும் இடமும் பதியும்படி போனில் படம் எடுங்கள். குழாய்க்கு மேலே ஓடையில் ஒன்று, கீழே ஒன்று, ஏரி வாயில் ஒன்று என மூன்று பாட்டில் பிடியுங்கள். மேலே தெளிவு, கீழே வெள்ளை என்றால் யாரும் மறுக்க முடியாது. "மழை விட்ட மறுநாள் ராத்திரி பத்து மணிக்குமேல் ஓடுகிறது, இந்த மாதம் நாலு தடவை" என்று எழுதிய மனுவுக்கு இருக்கும் பலம் "அடிக்கடி விடுகிறார்கள்" என்பதற்கு இல்லை.

மனுவை வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும், கலெக்டர் ஆபீஸில் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கும் கொடுங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்தக் குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதி, இசைவாணை நிபந்தனைகள், அரையாண்டு அறிக்கைகள் மூன்றையும் கேளுங்கள். குழித் தண்ணீரை என்ன செய்வதாக அவர்களே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும். எதுவும் நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. ஆனால் பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்க மட்டும் ஐந்து ஆண்டு அவகாசம்.

கிணற்று விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பரிசோதனையில் ஃப்ளோரைடு அதிகம் வந்தால் குவாரிமேல் பழி போடாதீர்கள். அது நம் பாறையிலேயே இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பெரும்பாலும் அதற்காகத்தான். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் வெடிமருந்து காரணமாக இருக்கலாம், யூரியாவாகவும் மாட்டுக் கொட்டகையாகவும் இருக்கலாம். ஓடைக்கு எட்டாத இன்னொரு கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து, அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால், ஓடை காய்ந்திருக்கும்போதே ஒரு தடவை இரண்டு கிணற்றையும் சோதித்துவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு ரிசல்ட்டையும் அதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.