வீட்டில் கட்டிய டிரெய்லரும் காற்றும்: கேள்வி பதில்

கலிபோர்னியாவில் காருக்குப் பின்னால் இழுக்க, எட்டடிக்கு நாலடியில் பிளைவுட் டிரெய்லர் கட்டியவன் என்பதால் நண்பர்கள் கேட்டவை இவை.

கேள்வி: முன்பக்கத்தைப் படகு மாதிரி கூராக்கட்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. மூலைகளை வளைவாக உருட்டினாலே பெரும்பலன் வந்துவிடும். 1970களில் நாசா, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஒரு வேனுக்குப் பெட்டி போலத் தட்டையான அலுமினியத் தகடு போர்த்தி ஓட்டிப் பார்த்தது. முன்னும் பின்னும் செங்குத்து மூலைகளை உருட்டியதும் காற்றுத் தடை 40 சதவீதம் குறைந்தது. அதனால் உள்ளே குறைந்த இடம் 1.3 சதவீதம்தான்! ஆனால் அது தனியாக ஓடிய வண்டி. காரின் மறைவில் வரும் டிரெய்லருக்கு அவ்வளவு கிடைக்காது. காரின் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை முதலில் உருட்டுங்கள்.

கேள்வி: பின்பக்கம் செங்குத்தாக இருக்கிறது. அதனால் என்ன?

பதில்: பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காற்று சுவரை விட்டுப் பிரிந்து, பின்னால் சுழலும். அங்கே அழுத்தம் குறைந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். கூரையை மெல்லச் சரித்தால் காற்று ஒட்டியே வரும். சரிவு 10, 12 டிகிரிக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் காற்று பிரிந்துவிடும் அபாயம் கூடும்; கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர்கள் பலவற்றில் பின்வளைவு இதைவிடச் செங்குத்து. வாலை முழுக்கக் கூர்மையாக்கவும் வேண்டாம், பாதியில் வெட்டிவிடலாம். ஜெர்மானியப் பொறியாளர் கம் 1930களிலேயே காட்டிய வழி அது. அப்புறம், வால் கனத்தால் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் விழும் எடை குறைந்து டிரெய்லர் ஆடத் தொடங்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம்.

கேள்வி: காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம்?

பதில்: குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் ரிவர்ஸில் முழுக்க ஒடிக்கும்போது மூலை பம்பரில் இடிக்கிறதா என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எதையும் மாற்றாமல் பெட்ரோல் மிச்சமாகுமா?

பதில்: வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு 55 மைலில் இருக்கும் காற்றுத் தடை, 70 மைலில் 1.6 மடங்காகிறது. இங்கே டிரெய்லர் இழுத்தால் சட்டப்படியும் 55தான் உச்சம்.

கேள்வி: செய்த மாற்றம் பலித்ததா என்று எப்படித் தெரியும்?

பதில்: நான்கு அங்குலக் கம்பளி நூல்களை வரிசையாக டேப் போட்டு ஒட்டுங்கள். வேறொரு காரில் பக்கத்தில் வரும் நண்பர் வீடியோ எடுக்கட்டும். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துடித்தால் அங்கேதான் பிரிகிறது, அந்த இடத்தைத் திருத்துங்கள்.