ஸ்க்ரூவை எத்தனை தடவை முடுக்கினாலும் கதவுக் கைப்பிடி ஆடுகிறது. புதுசு மாற்றிவிடலாமா, என்ன வாங்கலாம்?

இப்போதைக்குப் புதுசு வாங்காதீர்கள். கோவையில் வாடகை வீடு, பெட்ரூமுக்கு ஃப்ளஷ் டோர் (இரண்டு பக்கமும் தட்டையான கதவு), நீளத் தகடு வைத்த கைப்பிடி, முடுக்கின கொஞ்ச நாளில் மறுபடி லொடலொட என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கதவில், அதே ஓட்டையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கி மாட்டினாலும் அதுவும் ஆடத்தான் செய்யும்.

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். ஒரு கையால் தகட்டைக் கதவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பிடியை ஆட்டுங்கள். தகடும் சேர்ந்து அசைந்தால் மரத்தில் ஸ்க்ரூ பிடிப்பு போய்விட்டது. தகடு கெட்டியாக இருந்து கைப்பிடி மட்டும் வெளியே வந்து உள்ளே போனால் அதன் கழுத்துக்கு அடியில் இருக்கும் அல்லன் ஸ்க்ரூ (அறுகோணக் குழி உள்ள சின்ன ஸ்க்ரூ) லூஸ். இரண்டும் சரியாக இருந்து, அழுத்தின கைப்பிடி மேலே வராமல் தொங்கினால் ஸ்பிரிங் போச்சு. மூன்றுக்கும் மூன்று வைத்தியம். திருப்புளியை எடுத்துக் கண்ணில் படுகிற ஸ்க்ரூவையெல்லாம் முடுக்குவது மூன்றுக்குமே ஆகாது.

உங்களுக்கு முதல் கேஸாகத்தான் இருக்கும். 35 மி.மீ. கதவில் லாக் பாடி, அதாவது கதவுக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டி, உட்கார ஆசாரி சுமார் 18 மி.மீ. அகலத்துக்குப் பள்ளம் எடுப்பார். மிச்சம் பக்கத்துக்கு எட்டரை மி.மீ. மரம்தான். பள்ளத்துக்கு மேலே வருகிற ஸ்க்ரூவுக்குப் பிடித்துக்கொள்ள அவ்வளவுதான் இடம். நீளமாகப் போட்டால் கெட்டியாக நிற்கும் என்று ஒன்றரை இன்ச் ஸ்க்ரூவை ஏற்றினால் முனை பள்ளத்துக்குள் போய் லாக் பாடியில் முட்டும், சாவி திரும்பாது. அப்புறம் பூட்டுக் கம்பெனியைத் திட்டுவோம்.

ஓட்டையை அடைக்க ஊதுவத்திக் குச்சி போதும். மருந்து இல்லாத அடிப்பகுதியை ஒடித்து எடுத்தால் அது மூங்கில். தகட்டைக் கழற்றி, ஓட்டையில் இருக்கும் தூளை ஊதிவிட்டு, குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து இனி நுழையாது என்கிற வரை திணியுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் மட்டமாக அறுத்துவிட்டு ஒரு ராத்திரி காய விடுங்கள். காலையில் 2 மி.மீ. பிட்டால் நடுவில் ஓட்டை போட்டுப் பழைய ஸ்க்ரூவையே ஏற்றலாம். கடைசிச் சுற்றைக் கையால் முடுக்குங்கள். டிரில் மெஷினில் ஸ்க்ரூ போடும்போது கடைசி நொடியில் 'டர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் மரத்தில் மரை போகிற சத்தம். பல கதவுகள் புதுசிலேயே ஆடுவதற்கு அதுதான் காரணம். ஆசாரிகள் சண்டைக்கு வர வேண்டாம், நல்ல ஆசாரி டிரில்லில் டார்க்கை (முறுக்கும் வேகத்தை அல்ல, முறுக்கும் பலத்தை) குறைத்து வைத்துக்கொண்டுதான் போடுவார்.

குச்சி வைத்தும் நிற்காத அளவுக்கு மரம் நொறுங்கியிருந்தால் இரண்டு தகட்டையும் கதவுக்குக் குறுக்கே ஒன்றோடொன்று பிணைக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் போல்ட், மறுபக்கம் உள்மரை போட்ட குழாய் நட்டு வருகிற எம் 4 (4 மி.மீ. மரை) ஜோடி கேட்டு வாங்குங்கள். துளையை ஒரே பக்கத்திலிருந்து போடாமல் இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் போட்டால் மைக்கா சிதறாது.

அல்லன் ஸ்க்ரூ லூஸ் என்றால் 2.5 அல்லது 3 மி.மீ. கீ வேண்டும். வெறுமனே முடுக்கினால் திரும்ப வரும். முழுசாகக் கழற்றி, தின்னர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மரை கழலாமல் பிடிக்கும் நீல நிறப் பசையான லாக்டைட் 243 ஒரு சொட்டு வைத்து ஏற்றுங்கள். ஸ்க்ரூவின் முனை, இரண்டு பக்கக் கைப்பிடியையும் இணைத்து உள்ளே இருக்கும் சதுரக் கம்பியின் தட்டைப் பக்கத்தில் பதிய வேண்டும். கம்பி நீளம் பத்தாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அதன் ஓரத்தைத்தான் கடிக்கும், எத்தனை முடுக்கினாலும் நழுவும். அப்போது மாற்ற வேண்டியது கம்பியை.

ஸ்பிரிங் போயிருந்தால் லாக் பாடியை வெளியே எடுக்க வேண்டும். கதவின் கனத்துப் பக்கத்தில், சாவி நுழையும் சிலிண்டருக்கு நேராக இருக்கும் நீள ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் ஒரு இடத்தில் சிலிண்டர் அப்படியே வழுக்கி வரும். பிறகு மேலும் கீழும் இருக்கும் இரண்டு ஸ்க்ரூ. இத்தனையும் கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கைப்பிடி கழன்ற நேரத்தில் காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர் உள்ளேதான்.

காற்று என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம்ம பக்கம் கைப்பிடி லூஸ் ஆக ஒரு பெரிய காரணம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் கோவை, பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை எங்கும் மேற்கு ஜன்னலைத் திறந்தால் பெட்ரூம் கதவு 'டமார்' என்று அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஸ்க்ரூ மயிரிழை நகரும். கதவுக்குப் பின்னால் ஒரு காந்த ஸ்டாப்பர் போடாமல் கைப்பிடியை மட்டும் சரி செய்வது வீண் வேலை.

இன்னொரு காரணம், பூட்டின் நாக்கு, நிலவில் (கதவுச் சட்டத்தில்) இருக்கும் தகட்டு ஓட்டைக்கு நேராக விழாதது. அதனால்தான் எல்லோரும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துச் சாத்துகிறார்கள். நாக்கின் முனையில் குழைத்த குங்குமத்தைத் தடவி மெல்லச் சாத்திப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தகட்டில் தெரியும். ஒன்றிரண்டு மி.மீ. என்றால் அரத்தால் ராவலாம். அதற்கு மேல் என்றால் கதவே இறங்கியிருக்கிறது. மேல் கீலின் ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு நிலவுக்குள் இரண்டு இன்ச் ஸ்க்ரூ போடுங்கள்.

வாடகை வீடு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை கைப்பிடி, பூட்டு மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. நியாயம்தான். ஆனால் அவர் அனுப்பும் பெயிண்டர் கைப்பிடியைக் கழற்றாமல் ஸ்க்ரூ தலையோடு சேர்த்து எனாமலை இழுத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிற ஆள் திருப்புளி பிடிக்காமல் தலையை மழுக்குவான். காலி செய்யும்போது அது உங்கள் அட்வான்ஸில் கழியும். குடி வந்த அன்றைக்கே ஒவ்வொரு கதவையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். கதவின் கனம், கதவு விளிம்பிலிருந்து சதுரக் கம்பியின் மையம் வரை, அங்கிருந்து சாவித் துளையின் மையம் வரை என்று மூன்று அளவு வேண்டும். கடைசி அளவு இப்போது பெரும்பாலும் 85 மி.மீ., ஆனால் பழைய பூட்டுகளில் மாறும். கம்பி 8 மி.மீ. சதுரமா என்றும் பாருங்கள்.

கனமாக இருப்பதெல்லாம் நல்ல சரக்கு இல்லை. ஜிங்க் அலாய் (துத்தநாகக் கலவை) கனமாகத்தான் இருக்கும், ஆனால் அல்லன் ஸ்க்ரூவின் மரை அதில் சீக்கிரம் போகும், இழுத்து இழுத்துக் கழுத்தில் ஒடியும். சிலர் காந்தம் வைத்து சோதிப்பார்கள். அது உதவாது, நல்ல ரகமான 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒட்டாது, மட்டமான 202-லும் ஒட்டாது, ஜிங்கிலும் ஒட்டாது. 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அடுத்த கடை.

பாத்ரூமுக்கு உருண்டைக் குமிழ் வேண்டாம். சோப்புக் கைக்கும் வயசானவர்கள் கைக்கும் அது திரும்பாது. நீளக் கைப்பிடியே போடுங்கள். வெளியிலிருந்து காசு வைத்துத் திறக்கிற பூட்டாக இருந்தால் குழந்தை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாலும் கதவை உடைக்க வேண்டாம். போர் தண்ணீரின் உப்புக்கறை போக ஆசிட் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தி வைக்கிற பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், அந்தப் புகைக்கு 304-கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும். பிவிசி கதவென்றால் உள்ளே வெறும் கூடு, மர ஸ்க்ரூ நிற்காது. தாழ்ப்பாளானாலும் கைப்பிடியானாலும் மறுபக்கம் பட்டை வைத்துப் போல்ட் நட்டுதான் போட வேண்டும்.