மின்திருக்கை, வீனஸ் ஃப்ளைட்ராப்: இரண்டுமே மின்சாரத்தால்தான் இரை பிடிக்கின்றனவா?

ஆமாம், ஆனால் மின்சாரம் செய்யும் வேலை வேறு. திருக்கைக்கு அது ஆயுதம். தலையின் இருபுறமும் சிறுநீரக வடிவ உறுப்புகளில் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவை ஒரே நேரத்தில் இயங்கும்போது அட்லாண்டிக் மின்திருக்கை சுமார் 200 வோல்ட் வரை பாய்ச்சி மீனை முடக்கிவிடும்.

அமெரிக்காவின் கரோலினா சதுப்புநிலங்களில் வளரும் வீனஸ் ஃப்ளைட்ராப் என்ற பூச்சியுண்ணும் செடிக்கு மின்சாரம் ஒரு சேதி. நரம்பு மண்டலமே இல்லாத ஓர் இலை எண்ணுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு! உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முடியை ஈ ஒருமுறை தொட்டால் ஒரு மின்துடிப்பு எழும்; ஆனால் இலை அசையாது. சுமார் 20 விநாடிக்குள் மறுபடி தொட்டால் படக்கென்று மூடிக்கொள்ளும். சிக்கிய பூச்சி மேலும் துடித்தால்தான் செரிமான நீர் சுரக்கும். டார்வின் கேட்டுக்கொண்டதால் பர்டன்-சாண்டர்சன் என்ற ஆங்கிலேய உடலியல் ஆய்வாளர் 1873-இல் இந்த மின்துடிப்பை அளந்து காட்டினார்.