கேட்டதும் சொன்னதும்: எரிந்துபோன குவோஜ்ஜெட்ஸ் ஜெபாலயம்

கேள்வி: வார்சா அருங்காட்சியகத்தில் உள்ள வண்ண மர விதானம் எந்த ஊர் யூத ஜெபாலயத்தினுடையது? அசலா, நகலா?

பதில்: நகல்தான். அசல், இன்று உக்ரைனில் இருக்கும் குவோஜ்ஜெட்ஸ் என்ற சிற்றூரில் 17ஆம் நூற்றாண்டில் மரத்தால் கட்டப்பட்டது. முதல் உலகப்போரில் சேதமடைந்தது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் அழித்தார்கள். வார்சாவில் போலந்து யூதர் வரலாற்றுக்கான போலின் அருங்காட்சியகத்தில் இருப்பது கூரையும் விதானமும் வாசிப்பு மேடையும் மட்டுமே, அதுவும் 85 சதவீத அளவில். முழுக் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கேள்வி: அசலே இல்லாதபோது எதை வைத்துச் செய்தார்கள்?

பதில்: அலோயிஸ் பிரையர் என்ற ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் முதல் உலகப்போருக்கு முன்பே அதை அளந்து படமும் எடுத்து வைத்திருந்தார். அவர் மட்டும் போகாமல் இருந்திருந்தால் இன்று இவ்வளவு விவரம் மிஞ்சியிருக்காது. படங்கள் கறுப்பு வெள்ளை என்பதால், நிறங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர்கள் தீட்டிய வண்ணப் பிரதிகளைப் பார்த்தார்கள். சிங்கம், ஒற்றைக்கொம்புக் குதிரை, மேஷம் முதல் மீனம் வரை 12 ராசிகள், எபிரேயப் பிரார்த்தனைகள் என்று விதானத்தில் இடமே விடவில்லை.

2011இல் போலந்தின் சானோக்கில் அமெரிக்காவின் ஹேண்ட்ஸ்ஹவுஸ் ஸ்டூடியோ குழுவினர் கோடரியால் மரத்தைச் செதுக்கிக் கூரையைப் பூட்டினார்கள். உள்ளே தெரியும் குவிமாடம் எடை தாங்குவதில்லை. கூரைச் சட்டத்திலிருந்து தொங்கும் பலகைக் கூடு அது. வளைவு அவ்வளவு தாராளமாக வந்ததற்கு அதுதான் காரணம்.

கேள்வி: விதானத்தில் பூசிய சாயத்தை வீட்டில் கலக்க முடியுமா?

பதில்: முடியும். அவர்கள் பயன்படுத்தியது முயல்தோல் பசையில் குழைத்த நிறப்பொடி. பசை 1 பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு, எடைக் கணக்கில். இரவு முழுக்க ஊறவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதிக்கவே விடாதீர்கள், பிடிப்பு போய்விடும். 60 டிகிரிக்குள் நிறுத்துங்கள். பசை கூடினால் காயும்போது இழுத்துக்கொண்டு சாயம் செதிலாக உரியும். குறைந்தால் நிறம் பொடியாக விரலில் ஒட்டும். முதலில் ஒரு துண்டுப் பலகையில் பூசி, காய்ந்தபின் தேய்த்துப் பாருங்கள்.

கேள்வி: இப்படிப்பட்ட மர ஜெபாலயம் அசலாகவே எங்காவது உண்டா?

பதில்: லித்துவேனியாவின் பாக்ருயோயிஸில் 1801இல் கட்டியது நிற்கிறது. 2017இல் சீரமைத்துத் திறந்தார்கள்.