கம்பஸ் முடிந்த பிறகு யார் துணை?

கேள்வி: அக்கா, நான் பேராதனையில் கலைப்பீடம், இரண்டாம் வருஷம். அம்மா இன்னும் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். வளாகத்தில் தொழில் வழிகாட்டல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பட்டறை, நேர்முகப் பயிற்சி என்று அறிவித்தல் போடுவார்கள். பட்டம் முடித்தும் அரச நியமனத்துக்குக் காத்திருக்கிற அண்ணன்மாரைப் பார்த்தால் இதிலெல்லாம் என்ன பிரயோசனம் என்று தோன்றுகிறது. போவதா, படிப்பை மட்டும் பார்ப்பதா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: போங்கள் தங்கச்சி, இந்த வருஷமே போங்கள். அந்த அண்ணன்மாரில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலர் இறுதி வருஷத்தில், பரீட்சை கழுத்தை நெரிக்கும்போதுதான் ஓடுகிறார்கள். அப்போது அங்கே இருப்பவர்களால் சுயவிவரத்தைத் திருத்தித் தர முடியும், அதில் எழுத விஷயம் உண்டாக்கித் தர முடியாது.

ஒரு பிள்ளை தன் சுயவிவரத்தை என்னிடம் காட்டினாள். முதல் பக்கம் முழுக்கப் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், சாதாரண தரப் பெறுபேறு ஒவ்வொரு பாடமாக. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், தோட்ட ஆபிசுக்கு அலைந்து வகுப்புக்கு ஒரு மண்டபம் வாங்கியவள், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. "அதையெல்லாம் போடலாமா அக்கா?" என்கிறாள். அதைத்தான் முதலில் போடவேண்டும்! படித்த பெற்றோர் இருக்கிற வீட்டில் இதை அம்மாவோ அப்பாவோ எடுத்துச் சொல்லிவிடுவார்கள், நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாங்கவேண்டும், அதற்குத்தான் இந்தப் பிரிவு.

நேர்முகப் பயிற்சியும் அப்படித்தான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் வாயடைத்துப் போவது அங்கே நடந்துவிட்டுப் போகட்டும், நிஜமான நேர்முகத்தில் நடக்கவேண்டாம். அறிவித்தலும் விளக்கமும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் நாலைந்து பேராகப் போய்த் தமிழில் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஆனால் சான்றிதழ் சேர்ப்பதற்காக மட்டும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்காதீர்கள்.

2020இல் அரசாங்கத்தில் பட்டதாரிகளை 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுத்தார்கள், அதுபோல இன்னொன்று வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வந்தால் விண்ணப்பியுங்கள். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், மகாபொல உதவித்தொகை படிப்போடு நின்றுவிடும்.

கேள்வி: மகன் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் சுற்றுலாத்துறை படிக்கிறான். பயிற்சிக்குக் கொழும்பு போகவேண்டுமாம். அறை வாடகைக்கே கடன் வாங்கவேண்டும். வேண்டாமென்று சொல்லிவிடலாமா?
– ஒரு தகப்பன், ஹாலிஎல

பதில்: வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. பயிற்சிக்குப் போன இடத்திலேயே வேலை கிடைத்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கடனுக்கு முன், பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் மகன் வீட்டு நிலைமையை ஒளிக்காமல் சொல்லட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு இவன் பேசாமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? எல்ல, நுவரெலியா, கண்டி எங்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன. தங்குமிடமும் சாப்பாடும் தருகிற இடமாக ஒன்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.