தட்டு தொலையவில்லை, வரிசைதான் வேறு

கேள்வி: ராணிப்பேட்டையில் வசிக்கிறேன். மிஷன் மருத்துவமனையில் கணக்கராக இருந்த என் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று கனமான இசைத்தட்டுகள் கிடைத்தன. லேபிளில் பீத்தோவன், ஏ மேஜர் செல்லோ சொனாட்டா, ஃபாயர்மான், மைரா ஹெஸ் என்று இருக்கிறது. சூட்கேஸ் போன்ற புதிய பிளேயரில் போட்டால் ஒலி மெலிந்து, கடுகு பொரிவதுபோல் இரைச்சல். முதல் தட்டைத் திருப்பிப் போட்டால் இசை நேராக முடிவுக்குப் போய்விடுகிறது. நடுவில் ஏதும் தொலைந்துவிட்டதா? வேலூர் வியாபாரி ஒருவர், "செட் முழுமையாக இல்லை, தேய்ந்தும்விட்டது" என்று மூன்றுக்கும் சேர்த்து 500 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். இல்லாவிட்டால் 6,000 ரூபாய்க்கு இரைச்சலே இல்லாமல் பென் டிரைவில் ஏற்றித் தருவாராம், உரிமக் கட்டணம் தனியாம். என்ன செய்யலாம்?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் செட் முழுமையாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தட்டிலும் இரு பக்கத்து லேபிள்களிலும் பக்க எண் இருக்கும். இரண்டையும் கூட்டுங்கள். மூன்று தட்டுகளிலும் ஏழு வந்தால் எதுவும் தொலையவில்லை.

அக்காலத்து 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். செல்லோவில் (வயலினைவிடப் பெரிய வில்வாத்தியம்) ஃபாயர்மானும் பியானோவில் மைரா ஹெஸ்ஸும் வாசிக்கும் இந்த சொனாட்டா இருபது நிமிடத்தைத் தாண்டும், அதற்கு ஆறு பக்கங்கள் தேவைப்பட்டன. வசதியுள்ள வீடுகளில் தட்டுகளை அடுக்கி வைத்தால் தானாக ஒவ்வொன்றாக விழுந்து ஓடும் இயந்திரம் இருந்தது. மேல் பக்கங்கள் 1, 2, 3 என்று ஓடி முடிந்ததும் அடுக்கை மொத்தமாகக் கவிழ்த்து வைத்தால் 4, 5, 6 ஓடும். ஆகவே ஒன்றின் முதுகில் ஆறு, இரண்டின் முதுகில் ஐந்து, மூன்றின் முதுகில் நான்கு. நீங்கள் கையால் போடும்போது ஒன்றாம் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பாமல் எடுத்து வையுங்கள். அடுத்த தட்டில் இரண்டு, கடைசித் தட்டில் மூன்று, அதைத் திருப்பி நான்கு, பிறகு பின்னோக்கி வந்து ஐந்து, ஆறு. நான்கு தட்டுச் செட் என்றால் கூட்டுத்தொகை ஒன்பது, ஐந்து தட்டு என்றால் பதினொன்று. கையால் திருப்பிப் போடுவதற்கான சாதாரணச் செட்டில் மட்டும் ஒன்றின் முதுகில் இரண்டு வரும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காட்பாடியில் ஒரு வீட்டில் வியாபாரிகள் இதே பேச்சைப் பேசி, "பாதிதான் இருக்கிறது" என்று முழுச் செட்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டு அம்மா மறுவாரம் என்னிடம் வந்து எண்களைச் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. தட்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

இனி, இரைச்சல். உங்கள் பிளேயரில் உள்ள ஊசி, பிற்காலத்தில் வந்த நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கானது. அதன் முனை 18 முதல் 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உங்கள் தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமானது, அதற்கு 75 மைக்ரான் அளவில் முனை வேண்டும். அகல வாய்க்காலில் குச்சியை விட்டதுபோல் ஊசி அடியில் கிடந்து அழுக்கைத்தான் உழுகிறது. வேகத்தை நிமிடத்துக்கு 78 சுற்றுக்கு மாற்றினால் போதாது, ஊசியையும் மாற்ற வேண்டும். கடையில் "78 ஊசி" என்று கேளுங்கள். "எல்லாவற்றுக்கும் ஒரே ஊசிதான்" என்பவர் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பித்தளைக் குழல் வைத்துப் புதிதாகச் செய்து 'பழைய கிராமபோன்' என்று விற்கும் பொருளில் இந்தத் தட்டை வைக்கவே கூடாது.

தேய்மானத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். இசை உரக்க ஒலிக்கும் இடங்களில் சாம்பல் பூத்த பட்டை தெரிந்தால் அது தேய்மானம். கறுப்பாகப் பளபளத்தால் வெறும் அழுக்கு. காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது. உடனே ஈரம் ஒற்றி நிழலில் காயவிடுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போகாதீர்கள். தட்டு அரக்கால் ஆனது, ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும்.

உரிமக் கட்டணம் என்பது பொய். நம் நாட்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமை 60 ஆண்டுகள். இது 1937-இல் லண்டனில் பதிவானது. பீத்தோவன் இறந்தது 1827-இல். யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.

'இரைச்சலே இல்லாத' பிரதியும் வேண்டாம். ஒன்றாம் பக்கத்தைச் சரியான ஊசியில் கேளுங்கள். தொடக்கத்தில் பியானோ இல்லை. செல்லோ மட்டும் தாழ்ந்த ஸ்தாயியில், யாரிடமும் கேட்காமல் தனியே பேசத் தொடங்குகிறது. வில் நரம்பைப் பற்றும் அந்த மெல்லிய சொரசொரப்பு, இரைச்சல் இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்றை முழுக்கத் துடைத்தால் மற்றதும் போகும். பிறகு கேட்பது கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல். ஃபாயர்மான் 1942-இல், 39 வயதில் இறந்துவிட்டார். அவர் கையின் ஒலி பதிவானதே கொஞ்சம், அதிலும் இப்படிச் சுரண்ட வேண்டுமா? பிரதி எடுப்பதானால், எதுவும் நீக்காத 'வேவ்' (WAV) ஒலிக்கோப்பைத் தர ஒப்புக்கொள்பவரிடம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எடுங்கள்.

அரசிடம் ஒப்படைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் அலைந்து பார்த்துவிட்டேன். நூலகத்தில் இது நூல் அல்ல என்றார்கள். அருங்காட்சியகத்தில் பழம்பொருள் என்றால் நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். நூறு ஆவதற்குள் எத்தனை தட்டுகள் உடையும் என்று கேட்டேன், பதில் இல்லை.

அதுவரை உங்கள் வீடுதான் காப்பகம். வேலூர்ப் பக்கத்துக் கோடையில் மொட்டைமாடி அறையிலோ பரணிலோ வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில், சுவரோரமாக, நிமிர்த்தி வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைத்தால் விரிசல் விடும். கூரியரில் அனுப்பாதீர்கள், வெளியூர் கொண்டுபோவதானால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஏழுக்குக் கூடவில்லை என்றால் ஆறு லேபிள்களையும் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.