‘தி பிளாட்ஃபார்ம்’: குறியீட்டுக்கு முன் விதிகளைப் பாருங்கள்

கேள்வி: ‘தி பிளாட்ஃபார்ம்’ (2019) என்ற ஸ்பானியப் படத்தைப் பார்த்தேன். பசியும் ரத்தமும்தான் நினைவில் நிற்கின்றன, முடிவு பிடிபடவில்லை. எங்கள் கல்லூரித் திரைப்படக் கழகத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும். குறியீடுகளை எப்படி விளக்குவது?

பதில்: ‘மேடை என்றால் முதலாளித்துவம், கத்தி என்றால் வன்முறை’ என்று பட்டியல் போட்டால் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். இயக்குநர் கால்டெர் கஸ்தெலு-உருட்டியா படத்தை விதிகளின் மேல்தான் கட்டியிருக்கிறார். அவற்றை முதலில் தாளில் எழுதுங்கள். செங்குத்தான சிறை, தளத்துக்கு இருவர். உணவு மேடை மேலிருந்து கீழே இறங்குகிறது. அது நிற்கும் நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். எதையாவது எடுத்து வைத்துக்கொண்டால் அறை கொதிக்கும், இல்லை உறையும். மாதம் ஒருமுறை தளம் மாறும்.

இந்தக் கடைசி விதியில்தான் நேரம் செலவிடுங்கள். நாயகன் கோரெங் 48இல் கண்விழிக்கிறான். பிறகு 171, 33, 202, 6. அடுத்த மாதம் எங்கே கிடப்போம் என்று எவருக்கும் தெரியாது. பட்டினியை அனுபவித்தவனே மேலே போனதும் அள்ளி விழுங்குகிறான். ஆகவே ‘மேலே கெட்டவர்கள், கீழே நல்லவர்கள்’ என்ற வாசிப்பு இங்கே நிற்காது. நிற்கும் இடம் மனிதனை மாற்றுகிறது என்பதே படத்தின் குற்றச்சாட்டு.

அடுத்து 33ஆம் தளக் காட்சி. நிர்வாகத்தில் வேலை பார்த்த இமோகிரி, அளவோடு சாப்பிடும்படி கீழே உள்ளவர்களிடம் நாள்தோறும் கெஞ்சுகிறாள், ஒருவரும் கேட்கவில்லை. உணவை அசுத்தமாக்கிவிடுவேன் என்று கோரெங் மிரட்டியதும் கேட்கிறார்கள். ஆனால் அந்த மிரட்டல் கீழ்நோக்கி மட்டுமே செல்லுபடியாகும், மேலே இருப்பவர்களை அது தொடுவதில்லை. அதிகாரம் பற்றி இந்தப் படம் சொல்வதில் மிகக் கூர்மையானது இதுதான் என்பது என் கருத்து.

எண்களையும் விடாதீர்கள். மொத்தம் 200 தளங்கள், 16 வயதுக்குக் கீழ் யாரும் இல்லை என்று இமோகிரி நம்புகிறாள். கோரெங் 202இல் கண்விழிக்கும்போது முதல் நம்பிக்கை உடைகிறது. 333ஆம் தளத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள்; இரண்டாவதும் உடைகிறது. நல்லெண்ணம் உண்மையானது, அதற்கு நிர்வாகம் கொடுத்த கணக்கு பொய்.

முடிவு குழப்புவதற்குக் காரணம், சிறுமி நிஜமா பிரமையா என்ற கேள்வியிலேயே பலரும் சிக்கிக்கொள்வது. அதை விட்டு, செய்தி யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கோரெங்கும் 6ஆம் தளத்தில் அவனோடு இருந்த பஹாரத்தும் பன்னா கோட்டா என்ற இனிப்பைத் தொடாமல், மேலே உள்ளவர்களுக்கு ஒரு செய்தியாகத் திருப்பி அனுப்ப நினைக்கிறார்கள். சமையலறையிலோ தலைமைச் சமையல்காரர் அதே இனிப்பில் கிடந்த ஒரு முடிக்காகப் பணியாளர்கள் மீது சீறுகிறார். செய்தி மேலே போய்ச் சேர்ந்தாலும் ‘முடி இருந்ததால் சாப்பிடவில்லை’ என்றே அது புரிந்துகொள்ளப்படும் என்று வாசிக்க இடமிருக்கிறது. இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

விவாதத்துக்கு ஒரு கேள்வி: உணவைப் பங்கிட கோரெங்கும் பஹாரத்தும் ஆட்களை அடித்துக் கொல்கிறார்கள். அந்தப் பங்கீடு நியாயமா?

நரமாமிசம், தற்கொலைக் காட்சிகள் உண்டு என்பதைத் திரையிடலுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். ஆங்கில டப்பிங் வேண்டாம், ஸ்பானிய ஒலியோடு வசனவரிகளைப் போடுங்கள்.